நாற்பது கிலோபைட்டுக்குள் பீஜென்

காலையில் ஷிஹெங் எழுந்தான். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியை எடுத்துக் குளியலறையில் கவிழ்த்தான். பல் துலக்கினான். முந்தின நாள் கழற்றிப் போட்ட கால்சட்டையையே மாட்டிக்கொண்டான். தெருமுனைக் கடையில் முட்டைத் தோசையும் சூடான சோயாப் பாலும் வாங்கி, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே தின்று முடித்தான். பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினான். மூன்றாவது மாடி ஏறிக் கணினியைத் திறந்தான். புள்ளிகளை அழிக்க ஆரம்பித்தான்.

அதுதான் அவன் வேலை. கணினியில் வரைகிற படத்துக்கு உடம்பே புள்ளிதான். இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே கோடு இப்படி வளைய வேண்டும் என்று சொல்லிவிட்டால் அது வளைந்துகொள்ளும். புள்ளி கூடினால் கோப்பு கனக்கும். கனத்தால் தொலைபேசிக் கம்பி வழியே இறங்க நேரமாகும். பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாமல் புள்ளிகளைக் குறைப்பதில் தைவானின் தைச்சுங் நகரத்தில் ஷிஹெங்கை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று முதலாளியம்மா தெங் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஒரு முழுச் சாமந்திப் பூவை ஆறே புள்ளியில் நிறுத்தியவன் அவன்.

அவர்கள் விற்றது படையல். முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் திருநாளில் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்க முடியாதவர்கள், செத்துப்போன பெரியவர்களுக்கு இணையத்திலேயே வாங்கி அனுப்பலாம். காகித வீடு, காகிதக் கார், வேலைக்காரிகள், சீட்டுக்கட்டு. திரையில் அது கொஞ்ச நேரம் அசையும். பிறகு தீப்பற்றி எரியும். புகை மேலே போகும். எந்தப் படையலும் நாற்பது கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். முதலில் அதற்குக் காரணம் வாடிக்கையாளர் வீட்டு மோடம். பிறகு முதலாளியம்மாவின் மச்சான், கோயிலில் சாமியாடுகிறவர், அருள் வந்து ஆடும்போது, செத்தவர்கள் பக்கத்துக் கம்பி இதைவிட மெதுவானது என்று சொல்லிவிட்டார். முதலாளியம்மா மறுநாளே அதை விளம்பரத்தில் சேர்த்துவிட்டாள். உங்கள் பெரியவர்களைக் காக்க வைக்க மாட்டோம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மீன் உருண்டைக் கடை சாய் வந்த அன்றுதான் ஆரம்பித்தது. அப்பாவுக்குக் கார் அனுப்பியிருந்தார். அப்பா கனவில் வந்தாராம். கார் வந்து சேர்ந்தது, ஆனால் ஒரு சக்கரம்தான் இருக்கிறது என்றாராம்.

அலுவலகத்தில் எல்லாரும் ஷிஹெங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷிஹெங் நான்கு சக்கரம் வரையவில்லை. எடையைக் குறைக்க ஒன்றை வரைந்து, அதையே அச்சாக வைத்து மற்ற மூன்று இடத்திலும் காட்டியிருந்தான். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். திரையில் நான்கு தெரியும். கோப்பில் இருப்பது ஒன்று. இது அலுவலகத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

"தம்பி, எங்கப்பா உயிரோட இருந்தப்ப எல்லாத்தையும் நம்புவாரு. ஒத்தச் சக்கரத்தை வெச்சு அவரை ஏமாத்திட்டீங்களே," என்றார் சாய்.

ஷிஹெங் நான்கு சக்கரமும் தனித்தனியாக வரைந்தான். எடை ஏறியது. ஓட்டுநரின் மூக்கையும் கண்ணையும் எடுத்துவிட்டு நாற்பதுக்குள் அடக்கினான். அடுத்த வாரம் சாய் மறுபடி வந்தார். வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் ஓட்டுநருக்கு முகம் இல்லாததால் அப்பா பின் இருக்கையில் பேச்சுத் துணை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றார்.

அதற்குப் பிறகு புகார் அடைமழையாகக் கொட்டியது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு வேலைக்காரிகளும் ஒரே நேரத்தில் தும்முகிறார்கள், ஒருத்தியைக் கூப்பிட்டால் இருவரும் வந்து ஒரே பீங்கான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒரு கிழவி பேத்தியின் கனவில் வந்து அழுதாள். மாளிகையின் பின்பக்கம் வரையப்படாததால் கொல்லைப்பக்கம் போனால் சுவர் இல்லை என்று செத்துப்போன தபால்காரர் ஒருவர் மகன் கனவில் சொன்னார். முதலாளியம்மா எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள், திருத்தித் தருவதாக வாக்குக் கொடுத்தாள். உயிரோடு இருக்கிறவர்களைவிடச் செத்தவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் ஷிஹெங்குக்குப் பட்டது. நம்புவதா கூடாதா என்று அவன் யோசிக்கவில்லை. வேறொன்றை யோசித்தான்.

அவன் மனைவி பீஜென் செத்து ஒரு வருஷம் முடியப் போகிறது. சைக்கிள் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவளாக இருந்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டே எந்தக் கம்பி தளர்வு என்று சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். கதவுக் கீல், சட்டைப் பொத்தான், மாமன் மகன் கல்யாணத்துக்கு வந்த கேக், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குறை சொல்லாமல் அவளால் ஒரு வேளை சாப்பிட முடியாது. ஊரில் உள்ள செத்தவர்கள் எல்லாம் புகாரோடு வரும்போது அவள் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

ஊழியருக்கு மாதம் ஒரு படையல் இலவசம். முதலில் அவளுக்கு நல்ல வீடு ஒன்று அனுப்பியிருந்தான். வரவில்லை. சரி, குறை இல்லாததால் வரவில்லை என்று நினைத்தான். ஒற்றைப் பல் சீப்பு அனுப்பினான். இரண்டும் இடது காலுக்கான செருப்பு அனுப்பினான். கடைசியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, செயின் இல்லாத சைக்கிள் ஒன்றை வரைந்து எரித்தான். அன்று சீக்கிரமே படுத்தான். கனவில் பல் வைத்தியர் வந்தார்.

முதல் வருஷத் திவசத்துக்கு முதலாளியம்மா தன் செலவில் ஒன்று செய்து தருவதாகச் சொன்னாள். அது புதுச் சரக்கு. செத்தவரே திரையில் வந்து நிற்பார், கை அசைப்பார், அடியில் ஒரு வாசகம் வரும், புகையாவார். பீஜென்னுடையதை மாதிரிக்கு வைத்து மற்றவர்களுக்கு விற்கலாம். ஷிஹெங் சரி என்றான். இது ஒன்றாவது அச்சு அசலாக அவளாகவே போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் நினைத்தான்.

வரைந்தான். உதட்டுக்குக் கீழே இருந்த மச்சத்தை வைத்தான். கிரீஸ் ஏறிய நகங்களை வைத்தான். கீழ் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், அதையும் வைத்தான். முப்பத்தாறு கிலோபைட் ஆனது. அவன் வாழ்க்கையில் இவ்வளவு புள்ளிகளை விட்டுவைத்ததே இல்லை.

அப்போதுதான் மாமியார் வந்தாள். ஒரு பை கொய்யாப்பழமும் ஒரு வாசகமும் கொண்டுவந்தாள். மகள் கனவில் வந்து சொன்னதாம். 'வசந்தத் தென்றலாய் உன் சாளரத்தைத் தட்டுவேன், கண்ணீர் சிந்தாதே, மறுபிறவியிலும் உன் கரம் பற்றுவேன்.'

ஷிஹெங்குக்கு முதலில் வந்தது பொறாமை. அம்மாவிடம் போயிருக்கிறாள், தன்னிடம் வரவில்லை. பிறகுதான் வாசகத்தின் எடை தெரிந்தது. எல்லார் கணினியிலும் ஒரே எழுத்துரு இருக்காது. அதனால் எழுத்தையும் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அவர்களுடைய சீன எழுத்தோ ஒவ்வொன்றும் ஒரு முள்ளுக்காடு. தென்றலும் சாளரமும் கண்ணீரும் சேர்ந்து இருபத்தெட்டு கிலோபைட்டுக்கு வந்து நின்றன. பீஜென்னுக்கு மிஞ்சியது பன்னிரண்டு.

முதலாளியம்மாவுக்கு வாசகம் பிடித்துவிட்டது. இதைப் பார்த்தால் கல்லும் அழும், வாங்கவும் செய்யும் என்றாள். எட்டிப் பார்த்துவிட்டு, மாலைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று நினைவுபடுத்திப் போனாள். மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் நகங்கள் போயின. பிறகு விரல்கள் ஒன்றாகி, கை ஒரு கரண்டியானது. பல் போனது. சட்டையின் மடிப்புகள் போயின.

"காதை எடுத்துடு ஷிஹெங். அவ யாரு பேச்சைக் கேட்டா?" என்றாள் மாமியார்.

காதை எடுத்தான். இன்னும் இரண்டு கிலோபைட் கூடுதலாக இருந்தது. மொத்த உருவத்தையும் பிடித்து, வளைவுகளைக் குறைக்கும் கட்டளையைக் கடைசி வரை தள்ளிவிட்டான். ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்றது. மூலத்தில் இருந்த வளைவுகள் இத்தனை, இப்போது இருப்பவை இத்தனை, குறைப்பு எண்பத்தொன்பது விழுக்காடு. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். வேறு பொத்தான் இல்லை. பெட்டிக்குப் பின்னால் ஒரு முட்டை கரண்டியை அசைத்துக்கொண்டிருந்தது.

ஷிஹெங் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை.

"அம்மா, அவ நெசமாவே வந்தாளா?"

மாமியார் கொய்யாவைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிறகு, வரவில்லை என்றாள். ஊரான் வீட்டுக் கிழவனெல்லாம் சக்கரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான், பெற்ற மகள் எட்டிப் பார்க்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். வாசகம் தொலைக்காட்சி நாடகத்தில் வந்ததாம். உன்னிடமாவது வருகிறாள் என்று நினைத்திருந்தேன் என்றாள்.

"எங்கிட்டயும் வரல. செயின் இல்லாத சைக்கிள் அனுப்பிப் பாத்தேன்."

"செயின் இல்லாமயா?"

"ஆமா."

"அதுக்குமா வரல?"

அவன் தலையை ஆட்டினான். மாமியார் கொய்யாவைக் கீழே வைத்தாள்.

"அதுக்கே வரலைன்னா அவ நெசமாவே போயிட்டாப்பா," என்றாள்.

அவன் அப்போதும் அழவில்லை. கோப்பைச் சேமிக்காமல் மூடினான். பழையதைத் திறந்தான். மச்சம் இருந்தது, நகம் இருந்தது, காது இருந்தது, பல் முன்னால் தள்ளியிருந்தது. வாசகத்துக்கு மிஞ்சியது நான்கு. முதலாளியம்மா வந்து பார்த்தாள். நான்கில் என்ன எழுதுவாய், 'போய் வருகிறேன்' என்றா என்று கேட்டாள். கடைசியாக அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றான் ஷிஹெங். அப்படியென்றால் என்னதான் சொன்னாள் என்று மாமியார் கேட்டாள். இந்த ஒரு வருஷத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

அவன் சொன்னான். சாயங்காலம். குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்துவிட்டது. அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் அடுக்களையிலிருந்து குப்பைப் பையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள், ஒன்று சொன்னாள். அவன் ஓடினான். திரும்பி மேலே வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

முதலாளியம்மா வாயைத் திறந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஷிஹெங் வாசகத்தைத் தட்டி, படமாக மாற்றி, எடையைப் பார்த்தான். அடங்கியது. ஒரு புள்ளியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்றினான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பீஜென் திரையில் வந்து நின்றாள். கையை அசைத்தாள். அடியில் எழுத்து வந்தது.

"பை கசியுது. அடியில கையைக் கொடு."