ஒட்டாரின் மார்பில் ஒரு குறி

என் அக்காள் புருஷன் ஒட்டார் ஒன்பது நாளாகப் படுக்கையில் அழுகிக்கொண்டிருந்தார். வயிற்றுக்கட்டி உடைந்து சீழ் வைக்கோல்வரை இறங்கிவிட்டது. அந்த நாற்றம் குமட்டவில்லை என்றால் பொய். ஆனால் அவர் பெற்ற பிள்ளை கிரிமைப் பார்த்தால்தான் எனக்கு அதைவிடக் குமட்டியது.

அவன் வாசற்படி தாண்டமாட்டான். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் வாட்டிய ஆட்டுத்தலையைக் கடித்தபடி நிற்பான். தாடியெல்லாம் கொழுப்பு.

"சித்தி, மூச்சு இழுக்க ஆரம்பிச்சா குரல் குடு. வந்து மார்புல ஈட்டியால ஒரு குறி வெச்சிடறேன்."

"பெத்த அப்பனையாடா குத்துவ?"

"அவரு நல்லதுக்குத்தான். நோயில செத்தா, சாவுக்கு அரசி ஹெல் வீட்டுக்குத்தான போவாரு? ஆயுதம் பட்டு ரத்தம் வந்தா போர்த்தெய்வம் ஓடின் மண்டபம்."

"அவ்ளோ நல்லதுன்னா இப்பவே வந்து குத்தேன்."

"இப்ப குத்தி அதுலயே செத்துட்டா, அப்பனைக் கொன்னவன்னு ஊரு பேசாதா? கடைசி மூச்சுலதான் வெக்கணும். இன்னிக்குத் தலைவர் வர்றாரு. வைக்கோல்ல செத்தவன் மகனுக்கு அவரு பொண்ணு குடுப்பாரா?"

அட, சங்கதி இதுதானா! த்தூ.

கதவில் சாத்தியிருந்த ஈட்டியும் போரைக் கண்டதில்லை. கடல்நாய் குத்துகிற ஈட்டி அது. நுனியில் நிணம் காய்ந்து ஈ மொய்த்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்கு உடம்பு வணங்கவில்லை.

அவன் போனதும் ஒட்டார் என் மணிக்கட்டைப் பிடித்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"யோருன், என்னை விட்டுடாத. ஓடின் மண்டபத்துல எனக்கு யாரு இருக்கா? உன் அக்கா தோரா ஹெல் வீட்டுலல்ல இருக்கா, கைக்குழந்தையோட. பதினாலு வருஷமா வழி பாத்துட்டிருப்பா. ரத்தம் பட்டுட்டா அந்தக் கதவு எனக்குத் திறக்காது."

"பயப்படாதீங்க அத்தான். நான் இருக்கேன்ல."

வாய் சொல்லிவிட்டது. என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பிரசவத்தில் போன என் அக்காள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

மதியம் நாய்கள் குரைத்தன. தலைவர் ஆட்களோடு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தார். அதே நேரம் ஒட்டாருக்கு இழுக்க ஆரம்பித்தது. நான் குரல் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கொறகொற சத்தம் கிரிமுக்கே கேட்டுவிட்டது. ஈட்டியோடு வந்தான், வாயில் மென்றதை விழுங்காமலே.

சட்டென்று போர்வையை விலக்கினேன். புண்மேல் இருந்த துணியையும் உரித்தெடுத்தேன்.

"வா ராசா, கிட்ட வா. இந்தா, உங்கப்பன் வயித்தை நல்லாப் பாத்துக்கோ. புண்ணுல பட்டுடப்போவுது, பாத்துக் குத்து!"

பார்த்தான். கண் பிதுங்கியது. தின்ற ஆட்டுத்தலை முழுவதும் அவன் மார்பு வழியே இறங்கியது. ஓங்கரித்துக்கொண்டே வெளியே ஓடினான். பனியில் மண்டியிட்டு அவன் கக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சீ, இதுவும் ஒரு பிறவி!

அதற்குள் ஒட்டாரின் மூச்சு இரண்டு தரம் இழுத்து நின்றுபோனது. வாயருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. போர்வையை மேலே இழுத்துவிட்டு, உள்ளே கைவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிரிம் மூக்கில் துணி அடைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தான்.

"இருக்காரா?"

"இருக்காரு, இருக்காரு. சீக்கிரம்!" முழங்கையை அசைத்தேன்.

குத்தினான். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால்தானே அவனுக்குத் தெரியும்?

முன்கூடத்தில் ஒரே ஆரவாரம். "ஓடினுக்கு!" என்று கொம்புகளில் பீர் உயர்ந்தது. நான் ஒட்டாரின் கண்ணையும் மூக்கையும் மூடிவிட்டு, ஹெல் வீட்டுப் பாதைக்கு இறந்தவர்களுக்குக் கட்டுகிற தோல் செருப்பை எடுத்தேன்.

"சித்தி, அது எதுக்கு? அப்பாதான் மண்டபத்துக்குப் போயிட்டாரே!" வாசலிலிருந்து சிரித்தான் கிரிம்.

என் அக்காள் இருக்கிற வீட்டுக்கு அவர் நடந்துதான் போகவேண்டும். முடிச்சை இறுக்கிக் கட்டினேன்.