அறுபத்தொரு பொய்ப் பெயர்கள்

என் மருமகள் பரிமளா மருந்து திருடிவிட்டாள் என்ற கடிதத்தைக் குப்பத்துக்காரர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் படித்து முடித்த பிறகுதான் என்னிடம் காட்டினார்கள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில்தான் ஊர்த் தலைவரான நாட்டார்; இப்போது நான். அடுத்தவன் வலையிலிருந்து ஒரு மீனைத் தொட்டவர்கள் என்ற பேச்சு எங்களுக்கு வந்ததில்லை.

கடிதம் எழுதியது ஒரு பன்னாட்டு மக்கள்தொகை சுகாதார நிறுவனம். கடப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் ஐந்து வருடமாகப் பெண்களுக்கு ஒரு மையம் நடத்துகிறார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை, இரத்தக்கொதிப்பு மாத்திரை, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கவனிப்பு. பரிமளா அங்கே நர்ஸ். இந்த வருடம் பணம் கொடுத்துவந்த பெரிய நாடொன்று கையை விரித்துவிட்டது. எந்த மையத்தை மூடலாம் என்று பார்க்க வந்தவர்கள், பரிமளாவின் பதிவேட்டில் மருந்து வாங்கிய அறுபத்தொரு பெண்களின் பெயர் ஊர்ப் பட்டியலில் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பொய்ப் பெயர் போட்டு மருந்தை விற்றுவிட்டாளாம்.

பரிமளா அழவில்லை. "போலீசுக்குப் போவோம்னு போட்டுகீறாங்க மாமா. நர்ஸ் பதிவே போயிடும்" என்றாள்.

என் மகன் ஹேமந்த் கப்பல் வேலையில் இருக்கிறான். நானே அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

விசாரணையை மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய வருடாந்தரக் கூட்டமும் அங்கேதான். உள்ளே பல் கிட்டும் குளிர். மேடை நிறைய எங்கிருந்தோ வந்த பூ. பின்னால் பெரிய பேனரில், எந்த ஊர்க்காரியோ, ஒரு மீனவப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அரவிந்தன் என்ற அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"இந்த ஹாலுக்கு ஒரு நாள் வாடகை இன்னா?"

"அது வேற கணக்குங்கய்யா. கூட்டத்துக்குன்னு தனி ஒதுக்கீடு. அதை மருந்துக்கு எடுக்க முடியாது."

"மருந்துக்கு டப்பு இல்ல, பூவுக்குக் கீதா?"

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இருநூத்திப் பதினாலு குடும்பம். இதுல இல்லாத பேருக்குத்தான் மாத்திரை போயிருக்கு. பட்டியலைக் குடுத்தது யாருன்னு கீழ பாருங்க."

கீழே ஊர் முத்திரை. அதன் மேல் என் கையெழுத்து.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எங்கள் வரிப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். எங்கள் குப்பத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் ஒரு தலைக்கட்டு. அவன் ஊர் வரி கட்டுவான், திருவிழாவில் அவனுக்குப் பங்கு உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளின் பெயர் அவன் பெயருக்குக் கீழே வரும். அவன் செத்தாலோ ஓடிப்போனாலோ அவன் பெயரையும் அதன் கீழே இருப்பதையும் அடித்துவிடுவோம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வரி இல்லை, பங்கு இல்லை, பெயரும் இல்லை. என் பாட்டன் அப்படித்தான் எழுதினார். நானும் அப்படித்தான் எழுதினேன்.

அறுபத்தொரு பெயரில் முதல் பெயர் ஜெகதாம்பாள். பக்கத்தில் சிவப்பு மையில் 'போலி' என்றிருந்தது. ஜெகதாம்பாள் என் கூடப்பிறந்த தங்கை. புருஷன் படகு கவிழ்ந்து போய்ப் பதினோரு வருடம். பட்டியலில் அவர்கள் பெயரை அடித்தது என் கை. அன்று விடியற்காலைகூட மீன் ஏலத்தில் யாரையோ அவள் திட்டிய சத்தம் என் வீட்டுவரை கேட்டது.

பரிமளாவிடம் திரும்பினேன். "தெரிஞ்சிகினேதான் வாய மூடிகினு இருந்தியா?"

"நாட்டார் கையெழுத்துப் போட்ட பட்டியல் தப்புன்னு நான் எப்படி மாமா சொல்றது? ஊரு உங்கள இன்னா பேசும்?"

திருடி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு இவள் என் மானத்தைக் காத்திருக்கிறாள்.

"அறுபத்தொரு பேரும் உயிரோட கீறாங்க. பட்டியல்தான் தப்பு" என்றேன் அரவிந்தனிடம்.

அவர் குரலைத் தணித்தார். "அப்ப எழுதிக் குடுங்கய்யா. 'கவனக்குறைவால்'னு போட்டுக்கலாம். உங்களுக்கும் சங்கடம் இல்ல."

"கவனக்குறைவு இல்ல. தெரிஞ்சிதான் அடிச்சேன். ஊர் வழக்கம்னு எழுது, கீழ ஜம்புலிங்கம்னு என் பேரப் போடு."

கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை மடித்தார். "உண்மையச் சொல்லணும்னா, இந்த மையத்தை எப்படியும் மூடறதாதான் முடிவு."

"மூடு. காசு இல்லன்னு சொல்லி மூடு. எங்க வூட்டுப் பொண்ணத் திருடின்னு சொல்லி மூடாத. அந்தக் கடுதாசிய எந்த குரூப்ல போட்டியோ, அதே குரூப்ல இதையும் போடு. நீ போட்டாதான் நான் நகருவேன்."

"மேலிடத்துல கேக்கணும்…"

"கேளு. நிக்கிறேன்."

ஒன்றரை மணி நேரம் நின்றேன். பரிமளாவும் நின்றாள். சாப்பாட்டுத் தட்டுகளோடு ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் பரிமளாவின் கைப்பேசி ஒலித்தது. அவள் மீது குற்றமில்லை என்று நான்கு வரி. அதன் கீழே என் கையெழுத்திட்ட தாளின் படம்.

நாங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் ஜெகதாம்பாள் போனில் கூப்பிட்டுவிட்டாள்.

"இன்னாண்ணே, நான் உயிரோட கீறது இன்னிக்குத்தான் தெரிஞ்சிதா?"

"நாளைக்கு ஊர்க் கூட்டம். வந்துடு. அந்த அறுபது பேரையும் கூட்டியா."

"பொம்பளைங்க கூட்டத்துக்கு வரக்கூடாதே. நாட்டார் கோச்சிக்குவாரு."

"நாட்டார்தான் கூப்புடுறேன். வா."