மிர்ஸோஹிதுக்கு எதிராக ஒரு புலாவ்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. எர்காஷின் வயிற்றெரிச்சல் என்று சொல்லிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பத்திக்குள் அதில் என் பங்கும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்காக எழுதாமல் இருக்க முடியுமா?

விஷயம் இதுதான். எங்கள் ரிஷ்தான் நகரக் கால்பந்து அணிக்குத் தலைமை கோச் வேண்டும். பழையவர் உடம்பு முடியாமல் விலகியதிலிருந்து, முன்னாள் கேப்டன் எர்காஷ்தான் தற்காலிகமாக அணியைப் பார்த்துக்கொள்கிறான். சொந்த மைதானத்தில் இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. வேலை தனக்குத்தான் என்று அவன் நம்பியிருந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து கோச் சான்றிதழும், அங்கே ஓர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவன் என்ற பெயருமாக வந்து இறங்கினான் மிர்ஸோஹித். அந்தக் காலத்தில் எங்கள் அணியில் இருந்தவன். இருந்தான் என்றுதான் சொல்லலாம், ஆடினான் என்று சொல்ல முடியாது. பெஞ்சை விட்டு அவன் எழுந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான்.

2

முதல் தொடக்கம்: "மிர்ஸோஹித் என்ற பித்தலாட்டக்காரன் போலிச் சான்றிதழோடு ஊருக்குள்

(நிறுத்துகிறேன். சான்றிதழ் அசல். போலியாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று எர்காஷும் நானும் ஆசைப்பட்டோம், அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்: "கொளுத்தும் கோடையிலும் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு திரியும் அந்தக் கோமாளி

(இதுவும் வேண்டாம். துண்டு அவனுக்கு நன்றாகவே இருக்கிறது. ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் சுற்றுகிறார்கள்.)

மூன்றாம் தொடக்கம்: "அன்று புலாவ் எர்காஷின் முறை."

இது நிற்கும்.

3

அன்று புலாவ் எர்காஷின் முறை. பழைய ஆட்டக்காரர்கள் நாங்கள் மாதம் ஒருவர் வீட்டில் கூடுவோம். வீட்டுக்காரன் தன் கையாலேயே சமைக்க வேண்டும். எந்தப் பேச்சானாலும் கடைசி வார்த்தையும் அவனுடையதுதான். மிர்ஸோஹிதைக் கூப்பிடாமல் இருக்க வழியில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அவன் அணிக்காரன்.

இந்த முறை தோலிப் அகாவும் வந்திருந்தார். அகா என்றால் அண்ணன்; செங்கல் சூளை முதலாளி, அணிக்குச் செலவு செய்கிறவர். எர்காஷ் முறைப்படி தேநீரை மூன்று தடவை கிண்ணத்தில் ஊற்றிக் கெட்டிலுக்கே திருப்பிவிட்டு, நான்காம் தடவை அவருக்கு ஊற்றினான். கை தவறி அரைக் கிண்ணத்தைத் தாண்டியது.

"நிரப்பிடாதப்பா, இப்பத்தான் வந்து உக்காந்தேன். அதுக்குள்ள போகச் சொல்றியா?" என்றார் தோலிப் அகா. எல்லோரும் சிரித்தோம். இரு என்று சொல்ல நினைக்கும் விருந்தாளிக்குக் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அப்போதுதான் மறுபடி மறுபடி ஊற்றலாம். நிறைந்த கிண்ணத்துக்கு அர்த்தம் வேறு: குடி, கிளம்பு.

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். "மிர்ஸோஹித்தான் கோச்னு எனக்குத் தோணுது. நீங்க எல்லாரும் ஒரே வார்த்தையா சரின்னா சரி. ஒருத்தன் வேணாம்னாலும் எர்காஷே தொடரட்டும்."

ஆக, எர்காஷ் ஒற்றை 'வேண்டாம்' சொன்னால் போதும்.

4

முற்றத்தில் அண்டா காய்ந்துகொண்டிருந்தது. எர்காஷ் மஞ்சள் கேரட்டைக் குச்சி குச்சியாக வெட்டினான். நான் பூண்டு உரித்தேன்.

"கோப்பை, கோப்பைன்னு குதிக்கிறானுங்களே, அந்த டீமைக் கட்டினவன் வேற ஒருத்தன்டா. இவன் போய்ச் சேந்தப்போ நாலு மேட்ச்தான் பாக்கி. வெந்ததை எறக்கி வச்சவன் சமையக்காரனா?"

"இதையே உள்ள போய்ச் சொல்லேன்."

"வசந்தத்துல சேருவான், இலை உதிர்றப்போ கெளம்பிடுவான். ஒரு டீமையாவது முழு சீசன் வச்சிருந்தானா கேளு."

"நான் ஏன்டா கேக்கணும்? நீ கேளு."

"நான் கேட்டா பொறாமைம்பானுங்க."

"பொறாமை இல்லியா?"

கத்தி நிற்கவில்லை. "இருக்கு. அதுக்காக நான் சொல்ற கணக்கு தப்பாயிடுமா?"

(எர்காஷ் சொன்னதை நான் பிறகு விசாரித்துப் பார்த்தேன். ஒரு சொல் கூடப் பொய்யில்லை. இதைக் கதையின் நடுவில் இப்படி அடைப்புக்குறிக்குள் செருகுவது அழகில்லை என்று தெரியும். ஆனால் அவனை நீங்கள் நம்ப மாட்டீர்களோ என்று எனக்குப் பயம்.)

5

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மிர்ஸோஹித் விரிப்பின் மேல் தேநீர்க் கிண்ணங்களை நகர்த்தி ஆட்டம் சொல்லிக்கொண்டிருந்தான். "பந்தைப் பாக்காதீங்கப்பா, காலி எடத்தைப் பாருங்க. இந்தக் கிண்ணம் இங்க போச்சுன்னா, தோ, கதவு தொறந்துக்கிச்சு!" பிடுங்குவதற்கு மட்டுமே அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர் ஓதில் கூடக் கை தட்டினான்.

முற்றத்தில் எர்காஷ் அரிசி பரப்பி அளவாகத் தண்ணீர் ஊற்றினான். "வாயத் தொறந்தா முத்துப்பா இவன்!" என்று தோலிப் அகாவின் குரல் கேட்டது. எர்காஷின் காது ஜன்னலுக்குப் போனது. கை, ஊற்றியதை மறந்து, மறுபடி அதே அளவு ஊற்றியது.

(நான் இதைப் பார்க்கவில்லை. அவனே பிறகு சொன்னான். பூண்டை உரித்து வைத்துவிட்டு நானும் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தேன். மிர்ஸோஹித், தான் ஒரு புத்தகம் எழுதுவதாகச் சொல்கிற வரைக்கும். என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய அதே தாஷ்கண்ட் பதிப்பாளர், அவனிடம் தானாகவே கேட்டாராம். இந்த அடைப்புக்குறியைச் சீக்கிரம் மூடிவிடுகிறேன்.)

6

தம் முடிந்து மூடியைத் திறந்தபோது அரிசி ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை எதில் தோற்றாலும் பொறுத்துக்கொள்வார்கள், புலாவில் தோற்றால் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். தட்டு விரிப்புக்கு வந்தது.

"கேப்டன், இதுக்கு ஸ்பூன் தருவியா, ஸ்ட்ரா தருவியா?" என்றான் ஓதில்.

தோலிப் அகா தட்டைப் பார்த்தார், பிறகு எர்காஷைப் பார்த்தார். நாலு மேட்ச், முழு சீசன் என்ற எர்காஷின் கணக்கெல்லாம் அந்தத் தட்டிலேயே குழைந்துபோயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இனி அவன் என்ன சொன்னாலும் அப்படித்தான் கேட்கும்.

"டேய், நான்தான்டா கேட்டேன்," என்றான் மிர்ஸோஹித். "ஊரை விட்டுப் போனதுலேருந்து நம்ம குழைஞ்ச சோத்துக்கு, ஷவ்லாவுக்கு, நாக்கு ஏங்குது. குழைய வைடான்னு காலையில ஃபோன் போட்டேன். உங்களுக்குப் புடிக்கலன்னா இந்தப் பக்கம் தள்ளுங்க."

அவன் ஃபோன் போடவில்லை. ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டான், விரலை நக்கிக்கூடக் காட்டினான். கேலி செய்திருந்தால் எர்காஷ் பிழைத்திருப்பான்.

அந்தக் கணத்தில் எர்காஷ், மனிதனின் பெருந்தன்மை என்பது

(இல்லை. அவன் எதையும் புரிந்துகொள்ளவில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. முன்பை விட அதிகமாக எரிந்தது.)

7

வரிசையாகக் கேட்டார் தோலிப் அகா. ஓதில் சரி என்றான். மற்றவர்களும் சரி என்றார்கள். நானும் "சரி" என்றேன். வாய் நிறைய ஷவ்லா இருந்தது, வேறு சொல் வெளியே வரவில்லை. கடைசியில் எல்லோரும் எர்காஷைப் பார்த்தோம்.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். வேலை அவனுக்கே கிடைக்கிறது. மானம் காத்தவனைக் கவிழ்த்த பொறாமைக்காரன் என்று அவன் சாகும்வரை ஊர் சொல்கிறது. இன்னொன்றில் சரி என்கிறான். ஊர் மெச்சுகிறது. இலை உதிரும்போது மிர்ஸோஹித் பெட்டியைத் தூக்குகிறான். "தற்காலிகமா கொஞ்சம் பாத்துக்கோப்பா," என்று எர்காஷுக்கு ஃபோன் வருகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதைக் கிழிக்கும்போது மட்டும் மனசு வலித்தது. பதிப்பாளர் ஞாபகம்.

அதனால் நடந்ததை மட்டும் வைக்கிறேன். எர்காஷ் பதிலுக்குக் கெட்டிலை எடுத்தான். மிர்ஸோஹித் சிரித்தபடி கிண்ணத்தை நீட்டினான். தோலிப் அகா எர்காஷின் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணம் இரு என்கிறதா, கிளம்பு என்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் விழுகிறது. கால் கிண்ணம் ஆகிவிட்டது.

நான் எழுதினால் விரிப்பெல்லாம் வழியும், என் கையை நம்பாதீர்கள். அவனுக்குப் பொறாமை என்று உங்களுக்குத் தெரியும். அவன் கணக்கு சரி என்றும் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம். கிண்ணம் சின்னது.