பத்தொன்பது வீட்டுச் சர்க்கரை

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே குணமாலாவுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. காஞ்சிபுரம் வட்டாரத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று கண்டறிய 1969-இல் சென்னையிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்து முகாம் போட்டிருந்தது. வீடு வீடாகப் போய்ச் சிறுநீர் வாங்கி வருவது குணமாலாவின் பொறுப்பு. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள், சுகாதாரப் பயிற்சி முடித்து ஐந்து வருடம் ஆனவள். "எதுக்கும்மா உனக்கு இந்தப் பொழப்பு?" என்று யாராவது கேட்டால், "பால்காரர் பால் ஊத்திட்டுப் போறாரு, நான் வாங்கிட்டுப் போறேன்" என்பாள்.

ஏற்பாடு இதுதான். வாக்காளர் பட்டியலில் இருந்து வீட்டுக்கு ஒரு பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்தப் பெயர் எழுதிய சின்ன பாட்டிலைக் குணமாலா மாலையில் கொடுத்துவிட்டு வருவாள். மறுநாள் காலை சாப்பிட்ட பிறகு அவர்கள் அதில் பிடித்து வைக்க வேண்டும். பத்து மணிக்குப் போய் வாங்கிக்கொள்வாள்.

சின்ன காஞ்சிபுரத்துச் சாயக்காரத் தெருவில் இருபத்தாறு வீடுகள். நெசவாளர்களும் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களும் கலந்திருக்கும் தெரு. மற்ற தெருக்களில் பாதி வீடுகளுக்கு மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. இங்கே மட்டும் மறுநாள் காலையில் இருபத்தாறு பாட்டிலும் துடைத்து, மூடி போட்டு, ஒரே கூடையில் தயாராக இருந்தன. கூடையை எடுத்துக் கொடுத்தவள் அங்கம்மாள். தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவள்.

"ஒண்ணு குறையாது, எண்ணிக்கோ" என்றாள் அங்கம்மாள்.

குணமாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒத்துழைக்கும் தெருவை அவள் பார்த்ததே இல்லை.

முகாம் வீட்டின் பின்கட்டில் அன்று பிற்பகல் சோதனை நடந்தது. நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகவும் அதிகமானால் செங்கல் சிவப்பு. இருபத்தாறில் ஏழு நீலமாக நின்றன. பத்தொன்பது செங்கல்லாக மாறின.

குழுவின் தலைவர் டாக்டர் ராஜகோபால் குழாய்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நூற்றுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று பார்த்துப் பழகியவர் அவர். சுவரில் மாட்டியிருந்த ஊர்ப் படத்தில் சாயக்காரத் தெருவின் மேல் பத்தொன்பது சிவப்பு ஊசிகளைக் குத்தினார். குத்த இடம் போதவில்லை. ஊசிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன.

"சாயம்தான் குணமாலா" என்றார். "சாயப் புகையில ஏதோ இருக்கு. இல்லாட்டி கிணத்துத் தண்ணியில. உலகத்துல யாரும் இதைச் சொன்னதில்ல."

மூன்று நாளில் தெருவின் கிணறுகளிலிருந்து எட்டு பாட்டில் தண்ணீரும், சாயப் பட்டறைகளிலிருந்து பதினோரு வகைச் சாயப் பொடியும் சென்னைக்குப் போயின. அடுத்த மாதக் கூட்டத்தில் படிக்க ஒரு கட்டுரையை எழுத ஆரம்பித்தார். சாயம் போடாத ஊர் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். விவசாய ஊரான மாகறலைத் தேர்ந்தெடுத்துக் குணமாலாவைப் பஸ் ஏற்றிவிட்டார்.

மாகறலில் நான்காவது வீட்டுக் கதவைத் தட்டினாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள்.

"உங்க பேர் என்னம்மா?" என்று குணமாலா வாக்காளர் பட்டியலைப் பிரித்தாள்.

"தேவகி. ஆனா எனக்கு ஓட்டு இங்க இல்ல நர்சம்மா. சின்ன காஞ்சிபுரத்துல இருக்குது. சாயக்காரத் தெருவுல. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துக்கீறேன்."

தேவகி என்று எழுதிய பாட்டில் குணமாலாவின் நினைவுக்கு வந்தது. அங்கம்மாளின் மருமகள். செங்கல் சிவப்பு.

"எப்ப வந்தீங்க?"

"ஆவுது, ஒரு மாசம்."

அந்தப் பாட்டிலைக் குணமாலா வாங்கி வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மாகறலில் மிச்சம் இருந்த வீடுகளை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

அங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து இராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆள் ஊர்ல இல்லன்னா பாட்டில காலியா குடுக்கச் சொல்றியா? நீ பாவம், வெயில்ல வந்துக்கினு போயிக்கினு இருக்கற. மனசு கேக்கல."

"அப்ப அது யாரோடது?"

"தேவகிதுக்கு மட்டும் கேக்கறியா, எல்லாத்துக்கும் கேக்கறியா?"

குணமாலா அப்படியே படியில் உட்கார்ந்தாள். அங்கம்மாள் விவரமாகச் சொன்னாள். பொம்பளைங்க கூச்சப்பட்டார்கள். ஆம்பிளைங்க தறியை விட்டு எழுந்திருக்க முடியாது என்றார்கள். ஏழு பேர்தான் சொன்னபடி செய்தார்கள். மீதிப் பத்தொன்பது பாட்டிலையும் கூடையில் போட்டு அங்கம்மாள் நேராகச் சாயப் பட்டறைக்காரர் சிட்டிபாபுவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"அவரை ஏன் புடிச்சீங்க?"

"வேற யாருக்கு முடியும்? அவனுக்குத்தான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வருதே. ஒரு குடம் தண்ணி குடிப்பான், ஒரு குடம் உடுவான். ரெண்டு மணி நேரத்துல பத்தொன்பதையும் ரொப்பிட்டான். இன்னும் இருந்தா குடுன்னு கேட்டான், பாத்துக்கோ. நல்ல மனசு."

குணமாலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. டாக்டரின் முகமும் படத்தில் குத்திய ஊசிகளும் நினைவுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அங்கம்மாள் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒரு குடம் குடிப்பான், ஒரு குடம் விடுவான். சிரிப்பு நின்றது.

சிட்டிபாபுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தெருக்கோடியில் சொந்தமாகச் சாயப் பட்டறை வைத்திருந்தார். கொதிக்கும் செப்பு அண்டாக்களுக்கு முன்னால் நாள் முழுக்க நின்று, பட்டு நூல் கழிகளைக் கோலில் மாட்டி முக்கி எடுப்பார். அடுப்புச் சூட்டில் நிற்கிறவருக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். சீட்டுக் குலுக்கலில் அவர் வீட்டில் விழுந்தது மனைவி பூவம்மாளின் பெயர். அதையும் இவர்தான் நிரப்பியிருந்தார்.

குணமாலா முகாமுக்குப் போய் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் சிட்டிபாபு கோலைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சி போச்சா? தப்பா நெனைச்சிக்காத நர்சம்மா. கேட்டாங்க, குடுத்தேன். இல்லன்னு சொல்லிப் பழக்கமில்ல."

"பரவாயில்லண்ணே. உங்க பேர்ல ஒண்ணு குடுங்க."

"அதுக்கின்னா, தாராளமா" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். குணமாலாவும் வெளியே எட்டிப் பார்த்தாள். பின்சுவரின் அடியில் எறும்புகள் கறுப்பு நூல் போலச் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தன.

"இந்த எறும்பு எப்பலேருந்து?"

"ஒரு வருசமா உயிரை வாங்குது. வெல்லம் எங்கயோ கொட்டிக்கீதுன்னு பூவம்மா தேடிக்கினே இருக்கறா."

அவர் நொண்டி நடப்பதை அப்போதுதான் கவனித்தாள். வலது குதிகாலில் துணி சுற்றியிருந்தது. வெந்நீர் பட்ட புண் என்றார். இரண்டு மாதம் ஆகிறது, ஆறவில்லை, ஆனால் வலியும் இல்லை என்றார். வலி இல்லை என்பதை ஒரு நல்ல செய்தியாகச் சொன்னார்.

குணமாலா ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். நிறம் மாறப்போகிறது என்று தெரிந்ததும் பட்டறை ஆட்கள் மூவரும் சூழ்ந்துகொண்டார்கள். நிறம் என்றால் அவர்களுக்கு வேறு வேலை ஓடாது.

"மயில்கழுத்து" என்றார் சிட்டிபாபு, நீல மருந்தைப் பார்த்து.

கொதி வந்தது.

"கிளிப்பச்சை ஆவுது. தோ, மாம்பழம். இப்ப ஆரஞ்சு." அவர் குனிந்து பார்த்தார். "செங்கல். நர்சம்மா, இந்தப் பதம் எனக்கே ஒரே முக்குல வராது. இன்னா மருந்து இது?"

"மருந்து நீலம்தாண்ணே. இது உங்க கலர். வரக் கூடாத கலர்."

நிதானமாக, எதையும் மறைக்காமல் அவள் சொன்னாள். தாகம், ஒன்றுக்குப் போவது, எறும்பு, ஆறாத புண் எல்லாம் ஒன்றுதான் என்றாள். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அண்டாவின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பூவம்மாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவர் சட்டை தொளதொளவென்று ஆகிறதே என்று அவள்தான் இரண்டு முறை சட்டையைப் பிடித்துத் தைத்திருந்தாள்.

"காலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார் சிட்டிபாபு. அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"எடுக்க விட மாட்டேன். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

வந்தார். பூவம்மாள் பின்னாலேயே வந்தாள்.

டாக்டரிடம் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் கட்டுரையின் எட்டாவது பக்கத்தில் இருந்தார். குணமாலா முழுவதும் சொல்லி முடிக்கிறவரை பேனாவை மூடவில்லை.

"பத்தொன்பதும் ஒரே ஆளா?"

"ஆமா சார்."

"எட்டு பாட்டில் கிணத்துத் தண்ணி அனுப்பினோமே."

"ஆமா சார்."

அவர் எழுந்து போய் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினெட்டைப் பிடுங்கிவிட்டுக் கடைசி ஊசியைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குணமாலா பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டுக் குலுக்கினதுல தப்பிச்ச ஆளை அந்த அம்மா பிடிச்சுட்டாங்க. நம்ம சர்வேயை விட அவங்க சர்வே நல்லா இருக்கு" என்றார். எட்டுப் பக்கத்தையும் இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

மாத்திரையும் பத்தியமும் புண்ணுக்கு வீட்டிலேயே தினசரிக் கட்டும் ஆரம்பித்தன. புண் ஓரத்திலிருந்து ஆறி வரத் தொடங்கியது. ஆனால் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் சர்க்கரை கிளினிக்குக்கு மூன்றாவது வாரம் சிட்டிபாபு வரவில்லை. நான்காவது வாரமும் வரவில்லை. குணமாலா பட்டறைக்கே போய்ச் சண்டை பிடித்தாள்.

"செவ்வாக்கிழமை காலையில வான்னா எப்படிம்மா? அண்டாவுல பட்டு இருக்குது. நடுவுல உட்டுட்டு வந்தா பாதி அரக்கு, பாதி ரோஸ்னு நிக்கும். அந்தப் புடவையை யாரு கட்டுவா? டாக்டர் கட்டுவாரா?"

"அப்ப என்னிக்குத்தான் உங்களுக்கு ஒழியும்?"

"அமாவாசைக்கு. அன்னிக்கு ஊர்ல ஒரு தறி ஓடாது, ஒரு அடுப்பு எரியாது."

குணமாலா ஆஸ்பத்திரியின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தாள். ஒருமுறை வந்துவிட்டு மறுமுறை வராத சர்க்கரை நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் நெசவுத் தெருக்காரர்கள். அவர்கள் வராமல் இருந்தது மருந்துக்குப் பயந்து அல்ல. செவ்வாய்க்கிழமைதான் அவர்களை நிறுத்தியிருந்தது. பெயர்களை ஒரு தாளில் எழுதி டாக்டர் முன் வைத்தாள்.

"அமாவாசை கிளினிக்கா?" என்றார் டாக்டர். "சென்னைக்கு நான் எப்படி எழுதுவேன்? என்ன கிழமைன்னு கேப்பாங்களே."

"பஞ்சாங்கம் ஒண்ணு அனுப்பிடலாம் சார்."

அவர் எழுதினார். சென்னையிலிருந்து விளக்கம் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் பதில் போட்டார். கடைசியில் யாரோ சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அதற்குள் சாயக்காரத் தெருவை மறுபடியும் சீட்டுக் குலுக்கி முதலிலிருந்து எடுத்தார்கள். இந்த முறை குணமாலா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காத்திருந்து கையோடு வாங்கினாள். அங்கம்மாளுக்குச் சீட்டில் பெயர் விழவில்லை. இருந்தாலும் தான் செய்த குளறுபடிக்குப் பரிகாரமாகத் தானும் ஒன்று கொடுப்பதாகச் சொல்லிக் கொடுத்தாள். இருபத்தாறு வீட்டில் இரண்டு பேருக்கு வியாதி இருந்தது. கணக்கில் சேராத அங்கம்மாளுக்கும் இருந்தது.

"எனக்கா? மெஷின் கெட்டுக்கீதா பாரு" என்றாள் அவள். மெஷின் எதுவும் இல்லை என்று குணமாலா விளக்கினாள். அங்கம்மாள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தேவகிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. பேத்தியின் கல்யாணத்துக்காவது இருக்க வேண்டுமே என்று பத்தியத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

முதல் அமாவாசை கிளினிக்குக்குப் பதினைந்து பேர் வருவார்கள் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். சிட்டிபாபு துணி சுற்றாத காலோடு நடந்து வந்து, வரிசையை மீறுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பானைப் பக்கம் அவர் ஒருமுறைதான் போனார். குணமாலா அதையும் குறித்துக்கொண்டாள்.

அங்கம்மாளின் முறை வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு அவள் எழுந்திருக்கவில்லை.

"டாக்டரே, ஒண்ணு கேக்கணும். வைகாசியில கருட சேவை வருது. அன்னிக்கு வூட்டுல சர்க்கரைப் பொங்கல் வெப்போம். பெருமாளுக்குப் படைச்சிட்டுக் கொஞ்சம் வாயில போடலாமா, கூடாதா?"

டாக்டர் தன் புத்தகங்களில் கருட சேவையைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை. குணமாலாவைப் பார்த்தார். அவள் மாத்திரை எண்ணுவதில் மும்முரமாக இருந்தாள்.

"ஒரு ஸ்பூன்" என்றார் கடைசியில்.

"எந்த ஸ்பூன்?"

வரிசையில் இருந்த அறுபது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லோர் வீட்டிலும் பொங்கல் உண்டு. டாக்டர் விரல்களால் காற்றில் ஓர் அளவு காட்டினார். அங்கம்மாள் அதைவிடப் பெரிதாக ஓர் அளவு காட்டினாள். சிட்டிபாபு பின்னாலிருந்து இன்னும் பெரிதாகக் காட்டினார். அரை மணி நேரம் அங்கே வேறு வைத்தியம் எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் குணமாலா கடைத்தெருவுக்குப் போய், இருப்பதிலேயே சின்னதாக ஒரு ஸ்பூனைத் தேடி வாங்கி வந்து, டாக்டரின் மேஜையில் கயிறு போட்டுக் கட்டி வைத்தாள்.