ஒரே ரொட்டியில் இரண்டு கடி

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அம்மாவும் நானும் எங்கள் கீவா நகரத்துக் கோட்டையின் வடக்கு வாசலில் நுழைந்தோம். ஆறு மணிக்கு எனக்கு மாலை வகுப்பு. அதற்குள் அண்ணனின் ரொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் மத்ரசூல் அண்ணன் வெளிநாட்டில் உள்ள கசானுக்கு வேலைக்குப் போன காலையில், எங்கள் வழக்கப்படி, அம்மா சுட்ட ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் புறப்பட்டான். அவன் திரும்பி வந்து மிச்சத்தைச் சாப்பிடும்வரை அது ஆணியில் தொங்க வேண்டும்; அதுதான் அவனைத் திரும்ப அழைத்து வரும் என்பார்கள். அடுத்த வருடம் கோட்டைக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு, வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனோம். சாமான் பட்டியல் எழுதியது நான்தான். முப்பத்தெட்டு வரிகள், தொட்டில் முதல் கதவுக் கொண்டி வரை. ரொட்டி அதில் இல்லை. அம்மா கையில் இருக்கும் என்று நான் நினைத்தேன், என் கையில் இருக்கும் என்று அம்மா நினைத்தாள். அது பழைய வீட்டு ஆணியிலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு அம்மா கோட்டைக்குள் காலடி வைக்கவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அவன் போன் செய்ததும்தான் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் சுற்றுலாக்காரர்களிடம் டிக்கெட் பார்க்கும் பையன் எங்களை நிறுத்தினான். "டிக்கெட் எடுத்துட்டீங்களாம்மா?"

"நாலு புள்ளைங்கள இந்தச் சுவருக்குள்ளதான் பெத்தேன். அப்ப யாரும் டிக்கெட் கேக்கல."

அவன் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

மண்சுவரின் சரிவில் பிள்ளைகள் ஓட்டைத் தாம்பாளத்தில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அதே சரிவில்தான் பாவாடையைக் கிழித்துக்கொண்டோம். அம்மா அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வெயிலில் காய்ந்த களிமண் வாசனைதான் நினைவுக்கு வந்தது, அதை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் வீடு இப்போது தங்கும் விடுதி. எங்களிடம் வீட்டை வாங்கிய சதாகத் என்ற பெண் நடத்துகிறாள். முற்றத்தில் எங்கள் வாதுமைப் பழ மரம் அப்படியே இருந்தது. உத்தரத்து ஆணியில் ஒரு வெள்ளைத் துணிமூட்டையும் தொங்கியது.

"ரொட்டியத் தூக்கிப் போட மனசு வரல, அக்கா," என்றாள் சதாகத். "துணியில சுத்தி அங்கேயே விட்டுட்டேன்."

அம்மா அவசரமாகத் துணியைப் பிரித்தாள். நடுவில், மாவில் குத்தும் அவளுடைய அச்சுக்கட்டையின் பூ. பாதியில் உடைந்துபோன இதழைக்கூட அடையாளம் கண்டுகொண்டாள். ஓரத்தில் அண்ணனின் கடி. அதற்கு நேர் எதிரே இன்னொரு கடி.

"இது யாரு கடிச்சது?"

சதாகத்தின் முகம் சிவந்தது. "எம் மகன் பைரம், அக்கா. மூணு வருஷம் முன்னாடி சியோலுக்கு வேலைக்குப் போனான். திடீர்னு கெளம்பச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு மாவு பிசையல, கடையும் தெறக்கல. கடிக்காம அனுப்ப பயம். தொங்குறது இது ஒண்ணுதான் இருந்துச்சு. யாரும் தேடி வருவாங்கன்னு நெனைக்கல."

"இன்னும் வரலையா?"

"ஞாயித்துக்கிழமை போன் மட்டும் வரும்."

"ரெண்டா ஒடச்சு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமே," என்றேன்.

இருவரும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊர்ல இல்லாதவன் ரொட்டிய ஒடைப்பாங்களாடி? படிக்கிறவ பேசுற பேச்சா இது," என்றாள் அம்மா.

"எடுத்துட்டுப் போங்க, அக்கா. ஒங்க கை சுட்ட ரொட்டி," என்றாள் சதாகத். ஆனால் துணியின் ஒரு முனை அவள் விரல்களுக்கிடையில்தான் இருந்தது.

அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொட்டியைச் சுற்றி, எட்டி, ஆணியில் மாட்டினாள்.

"வெள்ளிக்கிழமை டீ கொதிக்க வை, தங்கச்சி. அவன இங்கேயே கூட்டிட்டு வர்றேன்."

பிறகு முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தூணைத் தடவினாள். எந்தப் பிள்ளை எந்தத் தூணைப் பிடித்து நடை பழகியது என்று சதாகத்துக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் பையோடு நேராக அங்கே வந்தான். தாழ்ந்த வாசலில் குனிய மறந்து தலையில் இடித்துக்கொண்டான்.

"ஊர் மறந்துபோச்சா?" என்றாள் அம்மா.

"ஊர் மறக்கல. ஒசரம் மறந்துடுச்சு."

நடந்ததை அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கோபிப்பான் என்று நான் பயந்தேன். அவன் ரொட்டியை மடியில் வைத்து, தன் கடியின் பக்கமிருந்து சிறு சிறு துண்டாகப் பெயர்த்து டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டான். "செங்கல் மாதிரி இருக்கு" என்றாலும் நிறுத்தவில்லை. சதாகத் எதிரே நின்று அவன் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். பூவின் அருகே வந்ததும் அவன் நிறுத்தினான்.

"இதுக்கு மேல பைரமோடது," என்று மிச்சத்தை இரு கைகளாலும் அவளிடம் நீட்டினான். பிறகு அந்தக் கடியை உற்றுப் பார்த்தான். "பல்லு நல்ல உறுதி போலிருக்கே அவனுக்கு."

"வால்நட்டப் பல்லாலயே ஒடைப்பான்," என்றாள் சதாகத். "எத்தன தடவ திட்டியிருக்கேன்."

சொல்லிக்கொண்டே துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள். போட்டது போதாமல், அதன் மேல் இன்னொன்று.