சசிகுமாருக்கு அடித்த ஹார்ன்

சசிகுமாருக்குக் கூட்ஸ் வண்டி என்றால் உயிர். டவுன்ஷிப்பில் அவன் வயதுப் பையன்கள் பைக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, இவன் கரி வேகனைப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். அதைப் பார்க்கவும் ஊர்ப்பட்ட கூட்டம் இருந்தது. "நான் கரியில புரண்டு உன்னை வளர்க்கிறேன், நீ கரியப் படம் புடிக்கிறியா?" என்று மைன்ஸில் பெர்மனென்டாக இருக்கும் அவன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ஹார்ன் சத்தம் இருந்தால்தான் வீடியோவுக்கு லைக் விழும். அதனால் ரயில்வே கேட் பக்கம் நின்றுகொண்டு, வண்டி நெருங்கும்போது கையைத் தூக்கிக் கயிறு இழுப்பதுபோல் இழுத்துக் காட்டுவான். டிரைவர்களும் சிரித்துக்கொண்டே நீளமாக ஒன்று அடித்துவிட்டுப் போவார்கள். பக்கத்து லைனில் சிந்திய கரியை அள்ளும் காண்ட்ராக்ட் ஆட்கள் முதலில் பதறி விலகினார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. வினையே அதுதான். அவர்களில் கொளஞ்சிநாதன் கேலிக்காரர். "தம்பி, உன் ஆளு வருது பாரு" என்பார்.

ஆட்கள் அள்ளுகிற லைனில் வண்டி விட்டால், கொடி பிடித்து விசில் ஊத காண்ட்ராக்டர் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். அன்றைக்கு நிறுத்தவில்லை. வண்டி அவர்கள் லைனிலேயே வந்தது. சசிகுமார் இன்னும் கையைத் தூக்கக்கூட இல்லை, அதற்குள் ஹார்ன் அலறியது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். கொளஞ்சிநாதன் முதுகைக் காட்டியபடி அள்ளிக்கொண்டே இருந்தார். சசிகுமாரின் கண் போன் திரையில் இருந்தது. அவன் கத்தியபோது நேரம் கடந்துவிட்டது.

கொளஞ்சிநாதனின் காரியம் முடிந்த கையோடு அவர் மனைவி மலர்கொடி சசிகுமாரின் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"அவரு அன்னிக்கி வேலைக்கே வரலன்னு காண்ட்ராக்டர் ஆளுங்க சொல்லிக்கினு இருக்கானுங்க தம்பி. சும்மா குறுக்கால போயி அடிபட்டாராம். கூட அள்ளனவங்களும் வேல பூடும்னு வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. நீ படம் புடிச்சிக்கினு இருந்தியாமே."

"இருக்குக்கா. நாளைக்குத் தர்றேன்."

கதவைச் சாத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல்முறையாக அதை முழுசாகக் கேட்டான். ஹார்னுக்கு நடுவே, கூட அள்ளிக்கொண்டிருந்த மாணிக்கம்மாள் கத்துவது கேட்டது. "வண்டி வருதுய்யா, லைன வுட்டு ஏறி வா." அதற்குக் கொளஞ்சிநாதன் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலும் தெளிவாகக் கேட்டது. "நமக்கில்ல மாணிக்கம்மா, தம்பிக்கு அடிக்கிறான்."

சசிகுமார் ஹெட்போனைக் கழற்றினான். இதை ஊர் கேட்டால் தன் கதி என்ன என்ற பயம்தான் முதலில் வந்தது, மலர்கொடியின் நிலைமை பிறகுதான் நினைவில் வந்தது. சத்தத்தை எடுத்துவிட்டு மறுநாள் வீடியோவைக் கொடுத்தான். மைக் ரிப்பேர் என்று ஒரு பொய்யும் சொன்னான்.

விசாரணையில் அந்த ஊமைப் படத்தைப் போட்டார்கள். காண்ட்ராக்ட் சட்டையும் கையில் மண்வெட்டியுமாகக் கொளஞ்சிநாதன் தெரிந்தார். வேலைக்கு வரவில்லை என்ற பேச்சு அத்தோடு செத்தது. ஆனால் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அறிவுச்செல்வன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"சரி சார், வேலையிலதான் இருந்திருக்கான். டிரைவர் ஹார்ன் அடிச்சிருந்தா ஏன் சாகப்போறான்? அவரு அடிக்கல. எங்க மேல என்ன தப்பு?"

சஸ்பென்ஷனில் இருந்த டிரைவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அடிச்சேங்க. என் பிள்ளைங்க மேல சத்தியமா அடிச்சேன்" என்றார். விசாரணை அதிகாரி சசிகுமார் பக்கம் திரும்பினார். "நீ அங்கதான இருந்த? அடிச்சாரா?"

அடித்தார் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த மனிதர் எத்தனை தடவை அவனுக்காகச் சிரித்துக்கொண்டே அடித்திருக்கிறார். சசிகுமார் போனை எடுத்து, சத்தத்தோடு இருந்த வீடியோவை மேஜைமேல் வைத்து ஓடவிட்டான்.

அறை முழுக்க ஹார்ன் கேட்டது. அதன் பிறகு அந்தச் சிரிப்பும் பேச்சும்.

டிரைவர் முகத்தை மூடிக்கொண்டார். அறிவுச்செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கேட்டீங்களா சார், காதுல விழுந்தும் நகரல. சொந்தக் கவனக்குறைவு, எழுதிக்குங்க."

"கொடி புடிக்க ஆள் போட்டீங்களா?" என்றார் அதிகாரி. அவன் தன் ஃபைலைப் புரட்டினான். அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

இது எதுவும் மலர்கொடியின் காதில் ஏறவில்லை. எழுந்து வந்து மேஜையில் இருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடு தம்பி."

போட்டான். கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடசியா பேசனது இதான். போட்டோ இருக்குது, துணிமணி இருக்குது. அவரு பேச்சு மட்டும் எங்கயுமே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." அவனைப் பார்த்தாள். "இதயா தம்பி தொடச்சிட்டுக் குடுத்த?"

ஹார்னைப் பற்றித் திட்டுவாள் என்று அவன் பயந்திருந்தான். மறுபடி போட்டுக் காட்டக் கையை நீட்டினான். அவளே விரலால் தடவித் தேடி மறுபடி ஓடவிட்டுப் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.