மூன்றாவது முறுக்கு

அன்று காலை அண்ணன் தரையில் உட்கார்ந்து பாண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தான். துவைத்துக் காயவைத்த துணியின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மறுநுனியிலிருந்து சுருட்டுவான். இடதுகைக்காரன். அவன் சுருட்டியது மற்றவர்கள் சுருட்டியதற்கு எதிர்ப்பக்கமாகப் பிரியும்.

"உன் பாண்டேஜைக் கட்டணும்னா நான் தலைகீழாத்தான் நிக்கணும்" என்று காயங்களுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் கிரகோரி திட்டுவார்.

"நில்லுங்க சார், நாங்களும் பார்க்கிறோம்" என்பான் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ்.

அது 1934. மலாயாவில் செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் கிரகோரி சாரிடம் வேலை பழகினோம். எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் போனபின் எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

செவ்வாய்தோறும் ரத்தம் நிறுத்தும் பாடம். நோயாளி எப்போதும் அண்ணன். அவன் மேல்கையில் துணியைக் கட்டி, முடிச்சில் குச்சியைச் செருகி நான் முறுக்குவேன். முதல் முறுக்குக்குச் சிரிப்பான். இரண்டாவதற்கு, "அலமாக், அம்மாடியோ, இவளைக் கட்டிக்கப்போறவன் பாவம் சார்" என்பான். மூன்றாவதில் "போதும்!" என்று கத்துவான். நிறுத்திவிடுவேன். குச்சி நழுவாமல் கட்டி, மேலே பாண்டேஜ் சுற்றி, ஓரம் மடித்துக் காட்டுவேன். "சுத்தமா இருக்கு" என்பார் சார். நாற்பது தடவையாவது செய்திருப்பேன். ஒரு தடவைகூட நான்காவது முறுக்குக்குப் போனதில்லை.

அன்று பத்து மணி இருக்கும். வேலு கங்காணி மலேரியாவில் வார்டில் படுத்திருந்தார். முந்தின வாரம், பால்மரத்தடியில் வைத்து, பால் வெட்டும் ராசம்மாவைப் பிரம்பால் அடித்தவர் அவர். அவள் பிள்ளைத்தாச்சி. கரு கலைந்து, இதே வார்டில் என் கையைப் பிடித்தபடி செத்தாள்.

அவள் புருஷன் காளியப்பன் திறந்திருந்த கதவு வழியாக வந்தான். கையில் பாராங் கத்தி.

"எந்திரிடா."

வேலு போர்வையோடு எழ முயன்றபோது முதல் வெட்டு தோளில் இறங்கியது. விறகு பிளக்கும் சத்தம். இரண்டாவது கழுத்தில். சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் பீய்ச்சியது. வேலு கீழே விழுந்து கட்டிலடியில் ஊர்ந்தார். காளியப்பன் கட்டிலைப் புரட்டிப் போட்டான்.

அண்ணன் நடுவில் போய் நின்றான். "வேணாம்ணே, விட்டுடுங்க" என்று இடக்கையைத் தூக்கினான். காளியப்பன் அவனை வெட்ட நினைக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். வேலுவுக்கு ஓங்கிய பாராங் அண்ணனின் முழங்கைக்கு மேலே, உள்பக்கமாக இறங்கியது. சார் மர ஸ்டூலால் காளியப்பன் மண்டையில் அடித்தார். அவன் விழவில்லை. இன்னொரு அடி. இன்னொன்று. ஸ்டூலின் கால் முறிந்தபோதுதான் சரிந்தான்.

"கத்தரின், அண்ணனைக் கட்டு!" என்று கத்திக்கொண்டே சார் அவனை வெளியே இழுத்துப் போனார்.

துணி, முடிச்சு, குச்சி. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அண்ணன் உடம்பை வளைத்து, "போதும் கத்தரின், போதும்!" என்று அலறினான். நிறுத்தினேன். குச்சியைக் கட்டி, பஞ்சு வைத்து, பாண்டேஜ் சுற்றி, ஓரத்தை மடித்தேன். வெள்ளையாக இருந்தது. வேலுவிடம் ஓடினேன். கண் திறந்தபடியே செத்திருந்தார்.

திரும்பியபோது அண்ணனைச் சுற்றிச் சிமெண்டுத் தரை தெரியவில்லை. பாண்டேஜ் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு சாம்பலாகியிருந்தது. "தண்ணி" என்றான்.

சார் ஓடிவந்து பாண்டேஜைக் கிழித்தெறிந்து குச்சியைப் பிடித்தார். நான்கு. ஐந்து. ரத்தம் நின்றது. அண்ணன் கத்தவில்லை.

"ஏம்மா மூணோட நிறுத்தினே?"

"போதும்னான் சார்."

"அவனைக் கேட்டா முறுக்குவாங்க? ரத்தத்தைப் பார்க்கலியா நீ?" என்று கத்தியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாடத்துல ஏது ரத்தம்" என்றார், தனக்குத்தானே.

அரை மணி நேரத்தில் அண்ணன் போய்விட்டான்.

காளியப்பனைத் தூக்கிலிட்டார்கள். நான் வேலையை விடவில்லை. பின்னாளில் புதுப் பெண்களுக்கு அந்தப் பாடத்தை நானே எடுத்தேன். நோயாளியாகப் படுப்பவள் வாயில் துணியைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வேன். மணிக்கட்டில் நாடி அடங்கும்வரை முறுக்கு என்பேன். அழுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் ராட்சசி என்பார்கள்.

அன்று காலை அண்ணன் சுருட்டிய பாண்டேஜ் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. இப்போதும் எதிர்ப்பக்கமாகத்தான் பிரிகிறது.